பழைய அமெரிக்க டியூபாவை இணைய ஏலத்தில் வாங்குவது எப்படி

டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை விற்பவர் பத்துப் படம் போட்டிருப்பார். ஆறு படத்தில் பெல்லில், அதாவது கருவியின் விரிந்த வாயில், பொறித்த பூவேலை. இரண்டில் முழுக் கருவி. ஒன்றில் வரிசை எண், இன்னொன்றில் பெட்டி. வால்வுப் பிஸ்டனை, அதாவது விரல் அமுக்கினால் இறங்கும் உள் உருளையை, வெளியே எடுத்து, வெளிச்சத்தில் வைத்து எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. பழைய டியூபா வாங்க நினைப்பவர் முதலில் தேட வேண்டியது அந்த இல்லாத படத்தைத்தான்.

நான் இண்டியானாவில் சவுத் பெண்டில் இருக்கிறேன். தொழிற்சாலையில் கடைந்து வரும் உலோக பாகங்களை அளந்து, சரியானதைச் சரி என்றும் தவறானதைத் தவறு என்றும் சொல்வது என் வேலை. மகள் ஆறாம் வகுப்பில் பள்ளி பேண்டில் டியூபா எடுத்தாள். அவளுக்காகத் தேடத் தொடங்கியவன், இப்போது நானும் ஊர் பேண்டில் வாசிக்கிறேன். பதினொரு வருடத்தில் ஏலத்தில் ஒன்பது கருவிகள் வாங்கினேன். மூன்று தவறான வாங்கல். அந்த மூன்றையும் கீழே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற ஆறைவிட அவற்றில்தான் அதிகம் கற்றேன்.

என் வீட்டிலிருந்து கிழக்கே அரை மணி நேரம் கார் ஓட்டினால் எல்க்ஹார்ட். கான், மார்ட்டின், பியூஷர் மூன்றும் அந்த ஒரே ஊரில் பிறந்த கருவிக் கம்பெனிகள். ஹோல்டன் முதலில் சிகாகோ, 1918-க்குப் பிறகு விஸ்கான்சினில் உள்ள எல்க்ஹார்ன். எல்க்ஹார்ட், எல்க்ஹார்ன் இரண்டையும் விற்பவர்கள் அடிக்கடி மாற்றி எழுதுவார்கள், கவனம். கிங் என்ற பெயரில் எச்.என். வைட் கம்பெனி செய்தது ஓஹாயோவில் கிளீவ்லாந்தில். யார்க் மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸில். இந்த ஆறு பெயரையும் ஊரையும் மனதில் வைத்துக்கொண்டால் ஏலத்தில் வரும் பழைய கருவிகளில் பெரும்பாலானவற்றை அடையாளம் கண்டுவிடலாம்.

பெல்லில் உள்ள எழுத்தே பாதி வயதைச் சொல்லிவிடும். கான் கம்பெனியை 1915-இல் கார்ல் கிரீன்லீஃப் வாங்கினார். அப்போதுதான் பெயரோடு 'லிமிடெட்' சேர்ந்தது. ஆகவே 'லிமிடெட்' இல்லாமல் எல்க்ஹார்ட், நியூயார்க் என்று இரண்டு ஊர் பொறித்திருந்தால் அது அதற்கு முந்தையது. ஹோல்டனில் சிகாகோ என்றிருந்தால் 1918-க்கு முன். கிங்கில் கிளீவ்லாந்து என்றால் பழையது, ஈஸ்ட்லேக் என்றால் 1960-களின் நடுவுக்குப் பிந்தையது. யார்க்கில் 'யார்க் அண்ட் சன்ஸ்' முந்தையது, 'யார்க் பேண்ட் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி' பிந்தையது. வரிசை எண்ணை வைத்து ஆண்டு பார்க்கும் பட்டியல்கள் கிடைக்கும், அவை உத்தேசம்தான். 1942-இல் போருக்காகப் பித்தளைக் கருவி செய்வதையே அரசு நிறுத்தியது. அதனால் '1943-இல் செய்தது' என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

இன்னொன்று. வரிசை எண் வால்வுக் கூட்டில், அதாவது பிஸ்டன் உட்காரும் வெளி உருளையில், இருக்கும், கம்பெனிப் பெயர் பெல்லில் இருக்கும். இரண்டும் ஒரே கருவியில் பிறந்தவைதானா என்று பாருங்கள். பெல் ஒரு நிறத்தில் கறுத்து, உடல் வேறு நிறத்தில் கறுத்திருந்தால், அல்லது ஒரு மூட்டில் மட்டும் ஈயம் புதிதாக வழிந்திருந்தால், இரண்டு கருவியைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, சில நல்ல கருவிகள் அப்படிப் பிறந்தவை. விலை மட்டும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும்.

பெயர் தெரியாத கருவியைக் கண்டு பயப்பட வேண்டாம். பெரிய தொழிற்சாலைகள் கடைகளுக்காக வேறு பெயர் பொறித்துக் கொடுத்த கருவிகளை ஸ்டென்சில் என்பார்கள். பான்-அமெரிக்கன் என்பது கானின் இரண்டாம் வரிசை. கிளீவ்லாந்து என்ற பெயரிலேயே கிங் தன் மலிவு வரிசையை விற்றது. பெயர் சின்னது என்பதால் ஏலத்தில் கூட்டம் குறையும். பொறுமையாகப் பார்ப்பவருக்கு அங்கேதான் நல்ல பொருள் கிடைக்கும்.

யார்க் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 1930-களில் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவுக்காக அதன் நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கி கேட்டு, யார்க் இரண்டு பெரிய சி டியூபாக்களைச் (சி, ஈ-பிளாட் என்பவை சுருதிப் பெயர்கள், கீழே சொல்கிறேன்) செய்தது. அதில் ஒன்றை அந்த ஆர்கெஸ்ட்ராவின் டியூபாக்காரர் ஃபிலிப் டொனடெல்லி, மாணவராக இருந்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸுக்கு 175 டாலருக்கு விற்றார். ஜேக்கப்ஸ் 1944-இல் சிகாகோ சிம்ஃபனியில் சேர்ந்தார், 1988 வரை அங்கே வாசித்தார். அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே யார்க் என்ற பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காரும். இன்று உலகின் பெரிய கம்பெனிகள் அதைப் பார்த்து அளவெடுத்து நகல் செய்கின்றன. ஆனால் ஏலத்தில் வரும் யார்க்குகளில் பெரும்பாலானவை மூன்று வால்வு கொண்ட சின்ன ஈ-பிளாட் கருவிகள். அவை நல்ல கருவிகள், ஆனால் ஜேக்கப்ஸ் சிகாகோவில் வாசித்த யார்க்குக்கு உறவினர்கள் இல்லை. பெயருக்காக இருநூறு டாலர் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

எந்தச் சுருதி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

என் முதல் தவறு இதில்தான். வெள்ளி முலாம், பெல்லுக்குள் பொன் பூச்சு, கொடியும் இலையுமாகப் பொறிப்பு. 'டியூபா, அருமையான நிலை' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். 410 டாலருக்கு எடுத்தேன். மகள் முதல் நாளே ஊதிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஸ்கூல் டியூபா மாதிரி இல்லை, எந்த நோட்டும் சேரவில்லை" என்றாள். அது ஈ-பிளாட் டியூபா. அது மட்டுமில்லை, இரண்டாவது வால்வுக் கூட்டில், வரிசை எண்ணுக்குக் கீழே, சின்னதாக ஒரு 'எச்' எழுத்து. படத்திலும் அது இருந்தது. நான் பார்க்கவில்லை.

அமெரிக்கப் பேண்டுகள் 1920-களுக்கு முன்பு இரண்டு சுருதி நிலைகளில் வாசித்தன. தாழ்ந்தது இன்றைய ஏ 440-ஐ (ஏ சுரம் வினாடிக்கு 440 அதிர்வு) ஒட்டியது, 'எல்' அல்லது 'எல்பி' என்று முத்திரை. உயர்ந்தது ஏ 457-ஐ ஒட்டியது, 'எச்' அல்லது 'எச்பி'. இரண்டுக்கும் வித்தியாசம் அரை சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 65 சென்ட் (அரை சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). சுருதி ஸ்லைடை, அதாவது உள்ளும் வெளியும் நகரும் இரண்டு கால் வளைகுழாயை, இழுத்துச் சரிசெய்யலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈ-பிளாட் டியூபாவின் குழாய் 13 அடி. 65 சென்ட் இறக்க அதில் ஆறு அங்குலம் கூட்ட வேண்டும், அதாவது ஸ்லைடை மூன்று அங்குலம் வெளியே இழுக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு வால்வின் ஸ்லைடையும் அதே விகிதத்தில் இழுக்க வேண்டும். பல கருவிகளில் அவ்வளவு இடமே இருக்காது. சில கருவிகளோடு நீளமான இன்னொரு சுருதி ஸ்லைடு சேர்ந்தே வந்தது. அது பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், பேண்டில் வாசிக்க வேண்டும் என்பவர் 'எச்' கருவியை விட்டுவிடுவது நல்லது.

குழாயின் மொத்த நீளம்தான் கருவியின் பிறவிச் சுருதி. டபுள் பி-பிளாட் 18 அடி, சி 16, ஈ-பிளாட் 13, எஃப் 12. அமெரிக்கப் பள்ளிகளில் பழகுவது டபுள் பி-பிளாட். சி கருவி ஆர்கெஸ்ட்ராக்காரர்களுடையது, பழையதில் அபூர்வம். ஏலத்தில் எதிர்பாராமல் அதிகம் மாட்டுவது ஈ-பிளாட்.

படத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது? வால்வுக் கூட்டையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். டியூபா பெரியதோ சின்னதோ, வால்வு அமுக்கும் விரல் ஒன்றுதான், அதனால் வால்வுக் கூட்டின் அளவு அதிகம் மாறுவதில்லை. கூட்டின் உயரம் கருவியின் மொத்த உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று திரையில் ஒரு காகிதத்தை வைத்து அளந்து பாருங்கள். வால்வு பெரிதாகவும் உடல் அதைச் சுற்றி இறுக்கமாகவும் தெரிந்தால் ஈ-பிளாட். வால்வு ஒரு மூலையில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்தால் டபுள் பி-பிளாட். இருபது முப்பது படம் பார்த்தால் கண் பழகிவிடும். உறுதி வேண்டுமென்றால் விற்பவரிடம் யாரையாவது வால்வு எதையும் அமுக்காமல் ஊதச் சொல்லி, போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. உதட்டை அதிரவைத்து ஒரு சத்தம் வந்தால் போதும். சுருதி காட்டும் செயலியில் அதைப் போட்டால் பி-பிளாட்டும் எஃப்பும் வருகிறதா, ஈ-பிளாட்டும் பி-பிளாட்டும் வருகிறதா என்று தெரிந்துவிடும். முள் எந்தச் சுரத்திலும் நிற்காமல் இரண்டு சுரங்களுக்கு நடுவில் நின்றால் 'எச்' கருவியோ என்று சந்தேகப்படுங்கள்.

வால்வு

டியூபாவில் தகடு நசுங்கினால் நிமிர்த்தலாம். குழாய் கிழிந்தால் ஒட்டுப் போடலாம். ஈயம் விட்டால் பற்றவைக்கலாம். பிஸ்டன் தேய்ந்தால் மட்டும் அதற்கு மறுபடி முலாம் ஏற்றி, கூட்டுக்கு ஏற்றபடி சாணை பிடித்துப் பொருத்த வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. மூன்று நான்கு வால்வுக்குச் சேர்த்து நூற்றுக்கணக்கில் டாலர் ஆகும். சில நேரம் கருவியின் விலையைவிட அதிகம்.

பிஸ்டனுக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமயிரைவிட மெல்லியது. அந்த இடைவெளி கூடினால் காற்று கசியும். காற்று கசிந்தால் கருவி மந்தமாகும், தாழ்ந்த சுரங்கள் பிடிபடாது. ஊதுபவர் தன் மூச்சில்தான் குறை என்று நினைத்துக்கொள்வார். கசியும் பள்ளி டியூபாவோடு போராடி, தனக்கு வராது என்று விட்டுவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

நான் விற்பவருக்கு எழுதும் கடிதம் எப்போதும் ஒன்றுதான்: "வணக்கம். உங்கள் டியூபாவில் எனக்கு ஆர்வம் இருக்கிறது. மேல்மூடியைத் திருகி ஒவ்வொரு பிஸ்டனையும் வெளியே எடுத்து, வெள்ளைத் துணி மேல் ஜன்னல் ஓரத்தில் வைத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்ப முடியுமா? எந்தக் கூட்டில் இருந்ததோ அதிலேயே திருப்பி வையுங்கள். பிஸ்டனில் 1, 2, 3 என்று எண் இருக்கும். ஸ்லைடுகள் கையால் இழுத்தால் வருகிறதா? வராவிட்டால் குறடு எதையும் வைத்து இழுக்க வேண்டாம்." பணிவாக, சுருக்கமாக எழுதினால் பத்தில் ஆறு பேர் பதில் போடுகிறார்கள்.

படம் வந்தால் என்ன பார்ப்பது? நல்ல பிஸ்டன் எங்கும் ஒரே சாம்பல் நிறத்தில், மங்கலான கண்ணாடி போல இருக்கும். நீளவாக்கில் மெல்லிய கோடுகள் சகஜம். நிக்கல் முலாம் போய் அடியில் மஞ்சளோ செம்போ பட்டையாகத் தெரிந்தால் அது தேய்மானம். முதல் வால்வைத்தான் அதிகம் பாருங்கள், பள்ளி வாசிப்பில் அதற்குத்தான் வேலை அதிகம். சிறுசிறு குழிகள் இருந்தால் அரிப்பு, பல வருடம் ஈரத்தோடு மூலையில் கிடந்திருக்கிறது. பச்சைப் பாசி மாதிரி படிந்திருப்பது பார்க்கப் பயமாக இருக்கும், அது பெரும்பாலும் அழுக்குதான், கழுவினால் போகும்.

இன்னும் ஒரு சோதனை வீடியோவில் செய்யச் சொல்லலாம். வால்வை அமுக்காமல் அதன் ஸ்லைடை மெதுவாக இரண்டு அங்குலம் வெளியே இழுத்து, ஐந்து எண்ணி, பிறகு வால்வை அமுக்க வேண்டும். 'டப்' என்று சத்தம் வந்தால் காற்று நின்றிருக்கிறது. சத்தமே வராவிட்டால் கசிவு. எண்ணெய் போட்டுவிட்டுச் செய்தால் தேய்ந்த வால்வும் கொஞ்சம் சத்தம் போடும், ஆகவே காய்ந்த நிலையில் வந்த சத்தம்தான் நம்பத்தக்கது.

பிஸ்டனில் ஒன்று குறைகிறது என்றால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். இன்னொரு கருவியின் பிஸ்டன் பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே உட்காராது. திருகு மூடி, விரல் பொத்தான், ஸ்பிரிங் குறைந்தால் கவலையில்லை. மௌத்பீஸ், அதாவது வாய் வைத்து ஊதும் முனை, இல்லையென்றாலும் பரவாயில்லை, எப்படியும் புதிது வாங்கத்தான் போகிறீர்கள். ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய சின்ன ஈ-பிளாட்டுகளில் மௌத்பீஸ் நுழையும் குழல் இன்றைய அளவைவிட ஒடுக்கமாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். வால்வு ஸ்லைடு ஒன்று காணோம் என்றால் கையால் செய்ய வேண்டியிருக்கும், அதை விலையில் கழியுங்கள்.

கானின் 20 ஜே டியூபா, 20 கே சூசாஃபோன் (உடலைச் சுற்றித் தோளில் மாட்டும் டியூபா) இரண்டிலும் குட்டை ஓட்ட வால்வு. பிஸ்டன் பருமன், அமுக்க வேண்டிய தூரம் குறைவு. வாசிக்கச் சுகமானது, அகன்று பரவும் ஒலி, பத்துப் பேர் பேண்டைத் தனியாகத் தாங்கும். கனமும் அதற்கேற்றபடி, சின்னப் பிள்ளை மடியில் வைத்துப் பழகுவது சிரமம். அவற்றின் பிஸ்டனை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

நசுங்கல், கறுப்பு, இளஞ்சிவப்பு

விற்பவர்கள் அதிகம் மன்னிப்புக் கேட்பது நசுங்கலுக்கு. எனக்கு அதுதான் விலை பேசக் கிடைக்கும் பிடி. பெல் விளிம்பு மடங்கியிருந்தால் உருளை வைத்துத் தேய்த்து நிமிர்த்திவிடுவார்கள். அடி வளைவின் நசுங்கல் எல்லாப் பழைய டியூபாவிலும் உண்டு, தரையில் ஊன்றி வைக்கிற இடம் அது. பயப்பட வேண்டியது உள்ளே சுருண்டு போகும் ஒடுக்கமான வளைவுகளில் உள்ள நசுங்கல். அங்கே போக மற்றதையெல்லாம் பிரிக்க வேண்டும். பெல்லின் கழுத்தில் துணி கசங்கியது போல மடிப்பு விழுந்திருந்தால் அது முழுதாக மறையாது. மடிப்பில் வெடிப்பும் இருக்கிறதா பாருங்கள்.

வெள்ளி முலாம் கறுத்திருப்பது கெடுதல் இல்லை. கறுப்பு நல்லது என்றே சொல்வேன், கீழே வெள்ளி இன்னும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. என் இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. கண்ணாடி மாதிரி பளபளத்த ஒரு பித்தளைக் கருவி. வந்த பிறகு விரல் நகத்தால் பெல்லின் பொறிப்பைத் தடவினேன், தட்டுப்படவே இல்லை. சக்கரத்தில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து எழுத்தெல்லாம் மழுங்கி, தகடே மெலிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் பெல் உள்வாங்கியது. படத்தில் பொறிப்பின் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று அன்றிலிருந்து பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

இளஞ்சிவப்புப் புள்ளி வேறு விஷயம். பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் கடற்பஞ்சு போல மிஞ்சும்போது அந்த நிறம் வரும். புள்ளியின் நடுவில் கறுப்பு மையம் இருந்தால் உள்ளிருந்து வெளியே அரித்திருக்கிறது. மௌத்பீஸிலிருந்து வால்வுக்குப் போகும் முதல் குழாயில், லீட்பைப்பில், இது சாதாரணம். அந்தக் குழாயை மாற்றலாம். அதே புள்ளிகள் வால்வுக் கூட்டைச் சுற்றியும் வளைவுகளிலும் தெரிந்தால் அந்த ஏலத்தை மூடிவிடுங்கள். கை பட்டுப் பட்டு லாக்கர் என்ற மேல்பூச்சு போன இடம் மட்டும் பரந்து லேசாகச் சிவந்திருந்தால் அது இது அல்ல.

பெல் முன்பக்கம் பார்க்கும் டியூபாக்கள் ஒரு காலத்தில் செல்வாக்காக இருந்தன. இன்று ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் மேலே பார்க்கும் பெல்லையே விரும்புவதால், முன் பார்ப்பவை மலிவாகப் போகின்றன. ஊர் பேண்டுக்கு அது போதும். அந்த பெல் மூன்று திருகில் கழன்று வரும், அனுப்பவும் வசதி. திருகுகள் இருக்கின்றனவா, வளையம் கோணாமல் வட்டமாக இருக்கிறதா, பெல்லும் உடலும் ஒன்றுக்கொன்று உட்காருகின்றனவா, இது மூன்றும் கேளுங்கள்.

எங்கே தேடுவது, எவ்வளவு கேட்பது

ஈபே எல்லோருக்கும் தெரியும். குட்வில் தர்ம நிறுவனத்தின் ஏலத் தளம் இருக்கிறது. அங்கே பொருளைப் படம் எடுப்பவருக்கு இசைக் கருவி பற்றித் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, அதனால் விவரம் குறைவு, விலையும் சில நேரம் குறைவு. எனக்கு மிகவும் பிடித்தது பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் உபரிப் பொருளைப் போடும் ஏலங்கள், கவ்டீல்ஸ் போன்றவை. டியூபா என்று மட்டும் தேடாதீர்கள். 'பேஸ் ஹார்ன்', 'பாரிடோன்', 'பெரிய ட்ரம்பெட்', எழுத்துப்பிழையான சூசாஃபோன், எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள்.

ஓஹாயோவில் ஒரு பள்ளி மாவட்டம் 'டியூபா, உடைந்தது, பாகங்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்தது. நான்கு வால்வு கிங், பெல் மேலே பார்ப்பது. அடி வளைவு ஒரு கைப்பிடி அளவுக்கு உள்ளே போயிருந்தது. பார்க்க நெஞ்சு பதறும். அலுவலகத்தில் இருந்த அம்மாவுக்கு என் கடிதத்தை அனுப்பினேன். மறுநாள் நான்கு பிஸ்டனையும் கை துடைக்கும் பழுப்புக் காகிதத்தில் வரிசையாக வைத்துப் படம் அனுப்பினார். நான்கும் ஒரே சாம்பல் நிறம். மூன்றாவதில் மட்டும் கீழ் ஓரத்தில் ஒரு கீறல், காற்றுத் துளைகளுக்கு எட்டாத இடத்தில். என் வேலையில் ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததும் இது தேறும் என்று மனது சொல்லுமே, அப்படி இருந்தது. 655 டாலருக்கு முடிந்தது. மூன்று மணி நேரம் ஓட்டிப் போய், பின் இருக்கையில் போர்வை விரித்துக் கொண்டுவந்தேன். அடி வளைவைக் கழற்றி நிமிர்த்தி, ஈயம் விட்ட இடங்களைப் பற்றவைத்து, கழுவித் தர 420 டாலர். மகள் பள்ளி முடிக்கும் வரை அதைத்தான் வாசித்தாள்.

நீங்கள் கேட்கப்போகும் விலையை ஏலம் முடிவதற்கு முன்பே காகிதத்தில் எழுதுங்கள். அதே மாதிரி கருவி, வாசிக்கத் தயாரான நிலையில், உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று விற்று முடிந்த பட்டியல்களில் பாருங்கள். விற்காமல் நிற்பவற்றின் விலை எதையும் சொல்லாது. அது 1800 டாலர் என்று வையுங்கள். பழுது 450, அனுப்பும் செலவு 250, வரியும் ஏலக் கட்டணமும் 100, தெரியாமல் வரும் குறைக்கு 200. மிஞ்சுவது 800. அதுதான் உச்சம். பிஸ்டன் படம் கிடைக்கவில்லையா, வால்வு முழுதும் தேய்ந்ததாகவே கணக்குப் போட்டு இன்னும் எழுநூறு கழியுங்கள். மிஞ்சுவது நூறுதான் என்றால் நூறுதான் கேட்க வேண்டும்.

ஈபேயில் நேரம் முடிந்தால் முடிந்தது, ஆகவே உங்கள் உச்ச விலையைக் கடைசி சில வினாடிகளில் ஒரே முறை போடுங்கள். நான்கு நாள் முன்பே போட்டால் மற்றவர்களுக்குத் துணிச்சல் கொடுக்கிறீர்கள். உபரி ஏலங்களில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் சில நிமிடம் நீளும், அங்கே அவசரம் உதவாது. அவற்றில் வாங்குபவர் கட்டணம் தனி. சொன்ன நாளுக்குள் நாமே போய் எடுக்க வேண்டும். பெட்டி கட்டித் தர மாட்டார்கள்.

தனியார் விற்கும் கருவியில் பள்ளிப் பெயரோ சொத்து எண்ணோ கீறியிருந்தால், எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். 2011, 2012 வாக்கில் தெற்குக் கலிபோர்னியாவில் பள்ளி பள்ளியாக டியூபாவும் சூசாஃபோனும் திருடு போயின. அந்தப் பள்ளிக்கு ஒரு போன் போட்டால் தெளிவாகிவிடும். பிள்ளைகளின் கருவியை நாம் தெரியாமல்கூட வாங்கக் கூடாது.

பெட்டியும் பயணமும்

மூன்றாவது தவறு, அனுப்புவதை விற்பவரின் பொறுப்பில் விட்டது. கருவி நன்றாக இருந்தது, வால்வு நன்றாக இருந்தது. சுற்றிலும் செய்தித்தாளைத் திணித்து, மெல்லிய அட்டைப் பெட்டியில் பெல்லைத் தரையில் ஊன்றி நிறுத்தி அனுப்பினார்கள். வழியில் பெட்டி விழுந்திருக்கிறது. இருபத்தைந்து பவுண்டு எடை முழுவதும் பெல்லின் கழுத்தில் இறங்கி, மண்டியிட்ட மாதிரி மடங்கி வந்தது.

இப்போது பணம் கட்டும் முன்பே எப்படிக் கட்ட வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன். இரட்டைச் சுவர் அட்டை. பெல்லுக்குள் துணியோ காற்றுக்குமிழ்த் தாளோ கெட்டியாக நிரப்ப வேண்டும். பெல் விளிம்பும் அடி வளைவும் பெட்டியின் எந்தச் சுவரையும் தொடக் கூடாது, நாலா பக்கமும் மூன்று அங்குலக் கெட்டி நுரை. குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. கழலும் பெல் என்றால் தனிப் பெட்டி. வால்வுகள் உள்ளேயே இருக்கட்டும், மூடிகள் இறுகியிருக்கட்டும். மௌத்பீஸைத் தனியாகச் சுற்றி வெளியே வையுங்கள், பெல்லுக்குள் போட்டால் அது சுத்தியல் மாதிரி அடித்துக்கொண்டே வரும்.

செலவையும் முன்பே கேளுங்கள். பார்சல் கம்பெனிகள் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் வாங்குகின்றன. 24 அங்குலம் அகலம், 24 ஆழம், 42 உயரம் கொண்ட பெட்டியின் கன அளவை அவர்கள் கணக்குப்படி 139-ஆல் வகுத்தால் 174-க்குச் சற்று மேல் வரும். டியூபா இருபத்தைந்து பவுண்டுதான், கட்டணம் ஏறக்குறைய 175 பவுண்டுக்கு. நீளத்தோடு சுற்றளவைக் கூட்டி 130 அங்குலம் தாண்டினால் பெரிய பெட்டி என்று கூடுதல் கட்டணம், 165 தாண்டினால் ஏற்கவே மாட்டார்கள். இதனால்தான் நான் வீட்டிலிருந்து நான்கு மணி நேர ஓட்டத்துக்குள் இருப்பவற்றை முதலில் பார்க்கிறேன்.

பெட்டி வந்ததும் பிரிக்கும் முன் ஆறு பக்கமும் படம் எடுங்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள். அட்டையையும் நுரையையும் ஒரு வாரம் தூக்கிப் போடாதீர்கள், இழப்பீடு கேட்டால் அதைப் பார்க்க வருவார்கள். பிஸ்டன்களை எடுத்து, உங்களுக்கு வந்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, உள்ளே நீளமான தூரிகை. சூடான நீர் வேண்டாம், பழைய லாக்கர் உரிந்துவிடும். முதல் தொட்டித் தண்ணீர் காப்பி நிறத்தில் போகும், இரண்டாவது தேநீர் நிறம்.

இறுகிய ஸ்லைடு இருந்தால் மூட்டில் இரண்டு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் சும்மா வையுங்கள். தினமும் ஒருமுறை கையால் மட்டும் லேசாக அசைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் குறடால் பிடித்து இழுக்காதீர்கள், ஸ்லைடோடு அதைத் தாங்கும் குழாயும் பிய்ந்து வரும். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். எல்க்ஹார்ட்டில் நான் போகும் பெரியவர் சின்ன நெருப்பில் மூட்டை இளக்கி, வளைவில் ஒரு கயிற்றை மாட்டி, ஒரே வெட்டு இழுப்பில் எடுத்துவிடுவார். அதற்கு இருபது டாலர் வாங்குகிறார்.